வானசாஸ்திர இலாகாவின் மூன்றாவது ஆசிரியர்

மூன்றாவது பெட்டிக்குள் என்ன அடிப்பது என்று தெரியாமல் ஸ்ரீரங்கன் கால் மணி நேரமாக டைப்ரைட்டரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சர்வகலாசாலையிலிருந்து வந்த படிவம் அது. வானசாஸ்திர இலாகாவில் பாடம் சொல்லும் ஆசிரியர்கள் யார் யார், எதில் எதில் ஆராய்ச்சி செய்கிறார்கள் என்று கட்டம் கட்டமாகப் போட்டுக் கேட்டிருந்தார்கள். அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: மூன்று ஆசிரியர்கள் இல்லாத இலாகாக்கள் 1944 ஜூலையோடு மூடப்படும், மாணவர்கள் வேறு கல்லூரியில் சேர்த்துக்கொள்ளப்படுவார்கள். ஆசிரியர்களை யார் சேர்த்துக்கொள்வார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. படிவம் தயாரித்த புண்ணியவானுக்கு அது தோன்றியிருக்காது.

அடையாற்றங்கரையில் இருந்த அந்தக் கல்லூரியில் வானசாஸ்திர இலாகா என்றால் மொட்டைமாடியில் ஒரு தகரக் கூண்டு, கூண்டுக்குள் ஒரு தொலைநோக்கி, கீழே ஓர் அறை, அறைக்குள் இரண்டு ஆசாமிகள். அவ்வளவுதான்.

பெரியவர் புரொபசர் ஸ்தனிஸ்லாஸ். சூரியனில் இருக்கிற கரும்புள்ளிகளை முப்பது வருஷமாக நாள் தவறாமல் எண்ணி வருபவர். எண்ணி எண்ணிக் கண் முக்கால்வாசி போய்விட்டது. அப்படியும் அவர் நோட்டில் ஓர் எண்ணை அழித்து இன்னோர் எண்ணை எழுதியதாகச் சரித்திரம் கிடையாது. மேகமாக இருந்தால் ‘மேகம்’ என்று எழுதுவார். தூங்கிப்போனால் ‘தூங்கிவிட்டேன்’ என்று எழுதுவார். அப்பேர்ப்பட்ட மனுஷர். அடுத்த வருஷம் பென்ஷனில் சாந்தோம் வீட்டுக்குப் போய் உட்கார வேண்டியவர்.

சின்னவர் நம்முடைய ஸ்ரீரங்கன். ஒன்பது வருஷமாகத் ‘தற்காலிக’ லெக்சரர். மயிலாப்பூரில் சமையலறையையும் சேர்த்து எண்ணினால் இரண்டு அறை ஜாகை, மனைவி வேதவல்லி, நாலு குழந்தைகள். இந்த வேலை போனால், யுத்த காலத்தில் வானசாஸ்திரம் படித்தவனை யார் கூப்பிட்டு வேலை கொடுக்கப்போகிறார்கள்? ஜாதகம் பார்க்கத்தான் கூப்பிடுவார்கள். அதுவும் அவருக்கு வராது.

“அடிச்சாச்சா மிஸ்டர் ஸ்ரீரங்கன்?” என்று புரொபசர் ஜன்னல் பக்கமிருந்து கேட்டார்.

“உங்களது ஆச்சு சார். சூரியக் கரும்புள்ளிகள்னு போட்டுட்டேன். என்னோட ஆராய்ச்சிதான் என்னன்னு…”

உண்மையில் இரண்டு மாதமாக அவர் செய்துவந்த ஒரே ஆராய்ச்சி, ரேஷன் கடையில் எந்தக் கிழமை போனால் புழு குறைந்த அரிசி கிடைக்கும் என்பதுதான்.

“சந்திரன் நட்சத்திரங்களை மறைக்கிற நேரம்னு போடுங்க. நாலு தடவை பார்த்திருக்கீங்களே.”

“மூணு தடவை சார். நாலாவது தடவை மேகம்.”

“மேகத்தைப் பார்த்தீங்க இல்ல? அதுவும் கணக்குத்தான்.”

ஸ்ரீரங்கன் அடித்தார். அப்புறம் மெதுவாக, “மூணாவது பெட்டியைக் காலியா விட்டுடட்டுமா சார்?” என்றார்.

புரொபசர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

“மூணாவது, எஸ். லியோனார்ட், எம்.ஏ., டெமான்ஸ்ட்ரேட்டர். ஆராய்ச்சி, ஒளி மாறும் சிவப்பு நட்சத்திரங்கள்.”

ஸ்ரீரங்கன் டைப்ரைட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

லியோனார்ட் புரொபசரின் மகன். தாயில்லாமல் வளர்ந்த ஒரே பிள்ளை. இதே அறையில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தவன். ஸ்ரீரங்கனின் தயிர்சாதத்தைக் கேட்காமலே எடுத்துத் தின்றுவிட்டு, தன் டப்பாவிலிருந்த கட்லெட்டை அவர் மூக்குக்கு நேரே கொண்டுவந்து பயமுறுத்துவான். யுத்தம் வந்ததும், பட்டாளத்தில் வானிலை பார்க்க ஆள் வேண்டும் என்றார்களென்று கிளம்பிச் சிங்கப்பூர் போனான். சிங்கப்பூர் விழுந்தது. ‘காணவில்லை’ என்று ஒரு தந்தி வந்தது.

அதோடு போயிருந்தால் தேவலையே! பத்து மாதத்துக்கு முன்னால் இன்னொரு கடிதம் வந்தது. லியோனார்ட் தன் விலாசமாகக் கல்லூரியைத்தான் கொடுத்திருந்தான். அப்பா வீட்டில் இருப்பதைவிட இங்கே இருப்பதுதான் அதிகம். புரொபசருக்குக் கண் தெரியாததால் தபால்களைப் படித்துக் காட்டுவது ஸ்ரீரங்கனின் வேலை. உறையைக் கிழித்து, முதல் வரியை மனசுக்குள் படித்தார். கைதி முகாமில் காய்ச்சலில் இறந்துபோனான் என்று இருந்தது.

“என்ன லெட்டர்?” என்று கேட்டார் புரொபசர்.

ஸ்ரீரங்கன் கடிதத்தை மடித்தார். “மழைமானியை வாரா வாரம் துடைச்சு வைக்கணும்னு சர்க்குலர் சார்” என்றார்.

கல்லூரியில் மழைமானியே கிடையாது. சொல்லி முடித்த பிறகுதான் அது ஞாபகம் வந்தது. நல்ல வேளை, புரொபசர் ஒன்றும் கேட்கவில்லை. “சரி, துடைச்சு வைப்போம்” என்றார். ஸ்ரீரங்கன் கடிதத்தை மேஜைக்குள் வைத்துப் பூட்டினார். நாளைக்குச் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று பத்து மாதம் ஓடிவிட்டது.

இப்போது இந்த மனுஷர், ஓர் எண்ணைக்கூடப் பொய்யாக எழுதத் தெரியாதவர், பிள்ளையின் பெயரைப் போடச் சொல்கிறார் என்றால் என்ன அர்த்தம்? இன்றைக்கு வருவான், நாளைக்கு வருவான் என்று உட்கார்ந்திருக்கிறார். புத்தி அங்கேயே நின்றுவிட்டது. ஐயோ பாவம் என்று ஸ்ரீரங்கன் நினைத்துக்கொண்டார்.

“இப்போ வேலையில் இருக்கிறதாகவே போடவா சார்?”

“வேற எப்படிப் போடுவீங்க?” என்றார் புரொபசர். “அவன் பேர்ல எது வந்தாலும் நீங்களே பார்த்துக்குங்க. என்கிட்ட கேக்க வேண்டாம்.”

ஸ்ரீரங்கன் அடித்தார். இதனால் இலாகா பிழைக்கிறது, தன் வேலையும் பிழைக்கிறது என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. அதனால் கூச்சமாகக்கூட இருந்தது. இருந்தாலும் இது அந்தப் பெரியவருக்காகத்தான் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டார்.

ஜனவரியில் சர்வகலாசாலைக் கையேடு அச்சாகி வந்தது. மூன்று பெயர்களும் மூன்று ஆராய்ச்சிகளும் அழகாக இருந்தன. கூடவே சர்வகலாசாலை ஆபீஸ் சூப்பரிண்டெண்ட் நல்லசிவம் ஒரு குறிப்பு அனுப்பியிருந்தார். மூன்று ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்ட ஆஜர் பட்டியலை மாதா மாதம் அனுப்ப வேண்டுமாம்.

லியோனார்ட் இடது கைக்காரன். அவன் கையெழுத்து எதிர்க்காற்று பிடித்துத் தள்ளினவன் மாதிரி பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். ஸ்ரீரங்கன் வீட்டில் ஸ்லேட்டை எடுத்து வைத்துக்கொண்டு பழக ஆரம்பித்தார்.

“என்ன பண்ணிண்டிருக்கேள்?” என்று வேதவல்லி வந்து நின்றாள்.

“சும்மா எழுதிண்டிருக்கேன்.”

“இடது கையாலயா? சோத்துக்கைக்கு என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகலை.”

“அப்பா மறுபடியும் ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து படிக்கறார்மா” என்றாள் மூத்த பெண்.

வேதவல்லி சிரிக்கவில்லை. அவள் சித்தப்பாவுக்கு இப்படித்தான் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதாம். எண்ணெயைக் காய்ச்சி எடுத்துவந்து, நன்றாக இருந்த வலது கையைப் பிடித்து உருவிவிட்டாள். உண்மையைச் சொல்ல முடியாததால் ஸ்ரீரங்கன் பத்து நாள் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையெழுத்து என்னவோ லியோனார்டே வந்து போட்டதுபோல அமைந்துவிட்டது.

அமையாமல் இருந்திருக்கலாம். மார்ச் மாதம் ஓர் உறை வந்தது. கணித ஆனர்ஸ் பரீட்சையில் வானசாஸ்திர விடைத்தாள்கள் முப்பத்தொன்று. சர்வகலாசாலை வழக்கப்படி ஒவ்வொரு தாளையும் இரண்டு பேர், ஒருவர் மார்க்கை மற்றவர் பார்க்காமல், தனித்தனியாகத் திருத்த வேண்டும். முதல் பரீட்சகர், ஸ்ரீரங்கன். இரண்டாம் பரீட்சகர், எஸ். லியோனார்ட்.

முதல் தடவை ஸ்ரீரங்கன் ஸ்ரீரங்கனாகத் திருத்தினார். அதாவது அரை மார்க்குக்கு மூன்று தடவை யோசித்தார். இரண்டாவது தடவை எப்படித் திருத்துவது? தன் மார்க்கையே திரும்பப் போட்டால் பார்த்து எழுதியதாகச் சொல்வார்கள். ஆகவே லியோனார்டாக இருந்தால் என்ன போடுவான் என்று யோசித்துப் பார்த்தார்.

யோசிக்கவே வேண்டாம், அவன் குரலே காதில் கேட்டது. ஒரு பையன், ‘சந்திரனில் காற்று இல்லை, ஆகையால் அங்கே கச்சேரி நடத்தினாலும் பின்வரிசைக்குக் கேட்காது, முன்வரிசைக்கும் கேட்காது’ என்று எழுதியிருந்தான். ஸ்ரீரங்கன் அதற்குச் சுழி போட்டிருந்தார். லியோனார்டாக இருந்தால் மேஜையைத் தட்டிச் சிரித்திருப்பான். பத்துக்கு எட்டு போட்டார். தாள் முடிய முடிய அவருக்கே உற்சாகமாக இருந்தது. மூன்று நாள் சிநேகிதனோடு உட்கார்ந்து அரட்டையடித்த மாதிரி இருந்தது. நான்காம் நாள் கட்டி அனுப்பிவிட்டு, அறையில் ஆளில்லாத மேஜையைத் துண்டால் துடைத்துவைத்தார்.

ஏப்ரலில் நல்லசிவம் நேரில் கூப்பிட்டனுப்பினார். திருநெல்வேலிப் பக்கத்து மனுஷர். மேஜை நிறையக் கட்டுகளை வைத்துக்கொண்டு, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு பேசினார்.

“நான் ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதிய. முப்பத்தோரு பேப்பர்ல இருபத்தாறுல உங்க மார்க்குக்கும் அவுக மார்க்குக்கும் பதினஞ்சுக்கு மேல வித்தியாசம். ஒரே இலாகா, ஒரே ரூம்பு. ரெண்டு பேரும் பேசிக்கிட மாட்டியளா?”

“பேசிக்கறதில்லை” என்றார் ஸ்ரீரங்கன்.

“சண்டையா?”

“சண்டையெல்லாம் இல்லை. கொஞ்ச நாளா அவன் பேசறதில்லை.”

சொல்லும்போதே குரல் கம்மியது. நல்லசிவம் அதை ரோஷம் என்று எடுத்துக்கொண்டார்.

“சரி, போகட்டும். போர்டுல மூணாவதா ஒருத்தரை வச்சுத் திருத்திப் பாத்தாச்சு. லியோனார்ட் மார்க்குதான் சரின்னு முடிவாயிட்டு. உங்களுது ரொம்பக் கஞ்சத்தனம்னு எழுதியிருக்காவ. அவுகளை நிரந்தர சீனியர் லெக்சரரா போடணும்னு பேச்சு. ஒரு தடவை நேர்ல பாக்கணும்னு சொல்லுதாவ. நாளைக்குக் கூட்டிட்டு வாங்க.”

ஒன்பது வருஷம் தற்காலிகமாகவே காலம் தள்ளிய ஸ்ரீரங்கனுக்குச் சுருக்கென்றது. செத்துப்போனவன்மேல், அதுவும் தானே போட்ட மார்க்குக்காக, பொறாமைப்பட்ட ஆசாமி இந்தப் பட்டணத்திலேயே அவர் ஒருவர்தான்.

“அவனுக்கு ஜுரம்” என்றார்.

“அடடா. அப்ப நான் போய்ப் பாக்கேன். எனக்கு ராஜா அண்ணாமலைபுரத்துலதான் வீடு. ஞாயித்துக்கெழமை நாலு சாத்துக்குடி வாங்கிட்டு அப்படியே நடந்தா புரொபசர் வீடு வந்துருது.”

‘மகனுக்கு எப்படி இருக்கு’ என்று இவர் போய்ப் பெரியவரிடம் கேட்டால்?

“வேண்டாம், வேண்டாம். அங்கே போகாதேங்கோ. அவன் அங்கே இல்லை. சானடோரியத்துல இருக்கான்.”

“சானடோரியமா? க்ஷயமா?”

நல்லசிவத்தின் கை விடைத்தாள் கட்டிலிருந்து தானாக விலகியது.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். லியோனார்ட் கைபட்ட முப்பத்தொரு தாள்களையும் கிருமி சாகட்டும் என்று கடற்கரையிலிருந்த ஆபீஸ் மொட்டைமாடியில் மூன்று நாள் வெயிலில் உலர்த்தினார்கள். கடற்காற்றில் எட்டுத் தாள்கள் பறந்துவிட்டன. பியூன்கள் மணலில் ஓடிப் பிடித்தார்கள். ஓட வேண்டாம் என்று ஒருவர் கத்த, தொட வேண்டாம் என்று இன்னொருவர் கத்தினாராம். இத்தனைக்கும் மூல காரணமானவர் லஸ் முனையில் டிராமுக்கு நின்றுகொண்டு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

மே மாதக் கடைசியில் கண்டிப்பான கடிதம் வந்தது. க்ஷயரோகம் உள்ள ஆசிரியர் எந்த சானடோரியத்தில் இருக்கிறார் என்று வைத்திய சர்டிபிகேட் பதினைந்து நாளில் வரவேண்டும்; வராவிட்டால் தகப்பனாருக்கே எழுதி விவரம் கேட்கப்படும்.

தகப்பனாருக்கே எழுதினால் அந்தக் கடிதத்தை ஸ்ரீரங்கன்தான் படித்துக் காட்ட வேண்டும். அதற்கும் மழைமானி என்று சொல்லலாம். ஆனால் பதில் போகாவிட்டால் ஆளே வந்துவிடுவார்கள். பட்டாளத்தை விசாரிப்பார்கள். உண்மை எல்லாம் ஒரே நாளில், யாரோ ஒரு குமாஸ்தா வாயிலிருந்து, அந்தக் கண் தெரியாத மனுஷர் தலையில் இறங்கும்.

லியோனார்ட் பெயரில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடலாமா என்று பார்த்தார். ராஜினாமாவுக்கு இலாகாத் தலைவர் கையெழுத்து வேண்டும், தலைவர் புரொபசர். மாற்றல் கேட்டால் அதற்கும் அவர் கையெழுத்து. விதிமுறைப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை புரட்டியதில், தலைவர் கையெழுத்தே இல்லாமல் ஓர் ஆசிரியர் இலாகாவை விட்டுப் போக ஒரே ஒரு வழிதான் இருந்தது. செத்துப்போக வேண்டும்.

லியோனார்ட் செத்தால் மூன்று இரண்டாகும். ஜூலையில் இலாகாவை மூடுவார்கள். தன் வேலை அதோடு சரி. இதையும் அவர் யோசித்தார். ஒரு நாள் பூராவும் யோசித்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் வேதவல்லியிடம், “ஜூலையோட எனக்கு வேலை இருக்காது” என்றார்.

“ஏன், என்ன தப்பு பண்ணினேள்?”

“ஒருத்தர் மனசு உடையாம இருக்கணும்னா வேற வழி இல்லை.”

அவள் குழந்தைகளைப் பார்த்தாள். யார், என்ன என்று கேட்கவில்லை.

“சனிக்கிழமை சீக்கிரமே போய் ரேஷன் அரிசி வாங்கிண்டு வந்துடுங்கோ. போன வாரம் நேரம் கழிச்சுப் போய் வெறுமனே வந்தேளே” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மறுநாள் புரொபசர் மாடியில் கரும்புள்ளி எண்ணப் போன நேரத்தில் ஸ்ரீரங்கன் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தார். ‘எங்கள் இலாகாவின் டெமான்ஸ்ட்ரேட்டர் எஸ். லியோனார்ட் காலமாகிவிட்டார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன்’ என்று ஆரம்பித்தார். ‘வருத்தத்துடன்’ என்ற இடத்தில் எழுத்து மங்கியது. ரிப்பனில் மை தீர்ந்துவிட்டது என்று நினைத்து ரிப்பனைத் திருகினார். அப்புறம்தான் தெரிந்தது, மங்கியது ரிப்பன் அல்ல.

உண்மையான செய்தி வந்த அன்றைக்கு அவர் அழவில்லை. அதை ஒளிப்பதற்கே நேரம் போதவில்லை. அதற்கப்புறம் கையெழுத்து, மார்க், ஜுரம், சானடோரியம் என்று அவனை நடமாடவிட்டதில், அவன் செத்ததே ஒரு பக்கம் மறந்துபோயிருந்தது. இப்போது பொய்யாக ஒரு சாவை எழுதப்போய், நிஜச் சாவு வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. துண்டை வாயில் அடைத்துக்கொண்டு, அந்த ஒன்றரை வருஷத்து அழுகையையும் அன்றைக்கே அழுது தீர்த்தார். கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: ‘தகப்பனார் மிகவும் பலவீனமாக இருப்பதால் அவருக்கு யாரும் கடிதம் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.’

சனிக்கிழமை விடியற்காலை. மயிலாப்பூர் ரேஷன் கடை வரிசையில் பதினேழாவது ஆளாகப் பையோடு நின்றுகொண்டிருந்தார் ஸ்ரீரங்கன். ஒரு கை ரிக்‌ஷா பக்கத்தில் வந்து நின்றது. உள்ளே நல்லசிவம். மடியில் பெரிய ரோஜாமாலை.

“லெட்டர் எழுதாதியன்னு எழுதியிருந்திய. ரொம்பச் சரி. எழவு விசயத்துக்கு லெட்டரா போடுவாக? மனுசன்னா நேர்ல போகணும்லா? காலைப் பூசைக்கு முன்னால பெரியவரைப் பாத்துரலாம்னு கெளம்பிட்டேன்.”

“ஐயோ, வேண்டாம்…” என்று ஸ்ரீரங்கன் சொல்லி முடிப்பதற்குள் ரிக்‌ஷா நகர்ந்துவிட்டது.

பையைப் போட்டார், வரிசையை விட்டார், செருப்பில் ஒன்றையும் விட்டார், ஓடினார். தெருமுனையில் பீடி குடித்துக்கொண்டிருந்த சின்னப்பையன் என்கிற ரிக்‌ஷாக்காரன் அவரைப் பார்த்து எழுந்தான்.

“இன்னா சாமி, ஒத்தச் செருப்போட ஓடியாற? ஏறு.”

“சாந்தோம் போப்பா. முன்னாடி மாலை வெச்சுண்டு ஒருத்தர் போறார். அவரைப் பிடிக்கணும்.”

“மாலையா? கண்ணாலமா, சாவா?”

“சாவு.”

“அடப் பாவமே. எப்போ பூட்டாரு?”

“ஒன்றரை வருஷம் ஆச்சு.”

சின்னப்பையன் ஓட்டத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

“ஒன்றர வருசமா செத்துக் கீறவருக்கு இன்னாத்துக்கு நைனா இம்மாம் அவசரம்? நானும் மனுசன்தானே, மூச்சு வாங்குதில்ல?”

“அவர் அப்பாவுக்குத் தெரியாதுப்பா! இன்னிக்கு வரைக்கும் தெரியாது! தெரிஞ்சா தாங்க மாட்டார். ஓடு, உனக்குப் புண்ணியமாப் போகும்!”

சின்னப்பையன் தலையைக் குனிந்துகொண்டு ஓடினான். ஸ்ரீரங்கனுக்குத்தான் அவன் ஓட்டம் போதவில்லை. பாதி வழியில் குதித்து, அவனோடு கூட ஓட ஆரம்பித்தார். காலி ரிக்‌ஷாவை இழுத்துக்கொண்டு ஒருவனும், ஒற்றைச் செருப்போடு ஒருவருமாகக் கச்சேரி ரோட்டில் ஓடியதைப் பால்காரர்கள் நின்று பார்த்தார்கள்.

புரொபசர் வீடு சாத்தியிருந்தது. வாசல் பெருக்கிக்கொண்டிருந்த வேலைக்காரி தேவானை நிமிர்ந்தாள்.

“ஐயா பூசைக்குப் பூட்டாரே. மாலை வெச்சினு ஒருத்தர் வந்தாரு, அவரும் கோயிலாண்டதான் போனாரு.”

கடலைப் பார்த்தபடி இருந்த சின்னக் கோயில் அது. ஸ்ரீரங்கன் இருந்த செருப்பையும் கழற்றிவிட்டு வாசற்படியில் ஏறினார். உள்ளே லத்தீனில் பூசை நடந்துகொண்டிருந்தது. முன்வரிசையில் புரொபசர் முழந்தாளிட்டிருந்தார். முதுகு மட்டும் தெரிந்தது. வாசல் தூணருகே நல்லசிவம், மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றார். கண் சிவந்திருந்தது.

“சொல்லிட்டேளா?” என்றார் ஸ்ரீரங்கன், மூச்சிரைக்க.

“வாசல்லயே பாத்துச் சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னார்? அழுதாரா? விழுந்துட்டாரா?”

“ஒண்ணுமே சொல்லலை. ‘யாரு எழுதினது, ஸ்ரீரங்கனா?’ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டாவ. ஆமான்னேன். உடனே தட்டுத் தடுமாறி உள்ளறைக்குப் போய்ச் சாமியார்கிட்ட என்னமோ பேசுனாவ. அப்புறம் வந்து முட்டி போட்டவகதான். இப்படி ஆகும்னு தெரிஞ்சா நான் வந்திருக்க மாட்டேன் அய்யா.”

ஸ்ரீரங்கன் தூணைப் பிடித்துக்கொண்டார். எதற்காக இத்தனை பொய் சொன்னோமோ, எதற்காக வேலையையும் விட்டோமோ, அது கடைசியில் ஒரு ரோஜாமாலையோடு வந்து நடந்தே விட்டதே என்று அவருக்கு அங்கேயே உட்கார்ந்து கதற வேண்டும் போலிருந்தது.

கோயில்பிள்ளை பிரகாசம் மெழுகுவர்த்தித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தார். பூசைக்குப் பாத்திரம் எடுத்து வைப்பதிலிருந்து, யார் யாருக்காகப் பூசை என்று நோட்டில் எழுதுவது வரை எல்லாம் அவர்தான். ஸ்ரீரங்கனை இதற்குமுன் பார்த்ததில்லை.

“இன்னா சார், ஒடம்பு சரியில்லையா? தண்ணி வேணுமா?”

“ஒண்ணும் வேண்டாம். புரொபசரை எழுப்பி, வீட்டுக்கு அழைச்சுண்டு போயிடுங்கோ. பிள்ளை போனது இன்னிக்குத்தான் தெரிஞ்சிருக்கு அவருக்கு.”

“இன்னிக்கா?” என்று பிரகாசம் குரலைத் தாழ்த்தினார். “யார் சார் சொன்னது? பட்டாளத்துச் சாமியாரு எங்க சாமியாருக்குப் போன வருஷம் பொங்கலப்பவே எழுதிட்டாரே. அன்னிலேர்ந்து மாசா மாசம் மகன் ஆத்துமா இளைப்பாறணும்னு பூசை வெச்சுக்கினுதான் இருக்காரு. எழுதறதே நான்தான்.”

ஸ்ரீரங்கன் முன்வரிசையில் தெரிந்த முதுகைப் பார்த்தார்.

“அப்போ இன்னிக்குப் பூசையும் லியோனார்டுக்குத்தானா?” என்றார்.

“இல்ல சார், இன்னிக்கு வேற. யாரோ ஸ்ரீரங்கன்னு ஒருத்தராம், நாலு கொழந்தைக்காரராம், அவரு வேலை போயிடக் கூடாதுன்னுதான் புரொபசரு செத்துப்போன மகன் பேரை உசுரோட எழுதி வெச்சிருந்தாராம், இனிமே தனக்கு வேற வழி தெரியலைன்னு சொல்லி அந்த ஸ்ரீரங்கனுக்காக வேண்டிக்கினு கீறாரு.”